பேக்கரிக்கு முன்னால் நின்ற ஸ்கூட்டி

அவள் தன் ஸ்கூட்டியை எங்கள் வீட்டு வாசலில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. பிரதான வீதியில் பேக்கரிக்கு முன்னால் நிறுத்துவாள். சில நாள் பள்ளிவாசல் மூலையில். அங்கிருந்து எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் நடந்து வருவாள். வெயிலானாலும் மழையானாலும் நடைதான். ஹெல்மெட்டைக்கூட ஸ்கூட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் வருவாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருக்கும்.

நான் கல்முனைக்குடியில் தையல் வேலை செய்கிறவள். அபாயா, சட்டை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் வீட்டிலேயே தைப்பேன். துணிப்பையோடு ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதை அவள் முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டாள். பைக்குள் இளம்பச்சை நிறத்தில் ஒரு துணி. எப்போது வந்தாலும் அதே துணிதான். அதைத் தைக்கத் தந்ததே இல்லை. துணிக்கு அடியில் என் தங்கச்சியின் மாத்திரைகள் இருக்கும்.

தங்கச்சிக்குக் காசநோய். நெஞ்சுக் கிளினிக்கில் சளி சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் விடாமல் மருந்து குடிக்க வேண்டும், ஒருவர் பார்த்திருக்கக் குடிக்க வேண்டும் என்றார்கள். பார்த்திருக்க வந்தவள்தான் இவள். ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் கள உத்தியோகத்தர் வேலை. என்னை விட வயது குறைந்தவள்; என்னை ராத்தா, அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். நாங்கள் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அந்த மரியாதையை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அவள் என்றே எழுதுகிறேன்.

முதல் நாள் நான் கேட்டேன்.

"என்ன மிஸ் இந்த வெயிலுக்குள்ள நடந்து வாறீங்க? ஸ்கூட்டிய உள்ளுக்கே கொண்டு வரலாமே. கேற்றுக் கதவு பெரிசிதானே."

"ராத்தா, நான் என்ன வேலைக்குத் திரியிறன் எண்டு இந்த ஊருக்கே தெரியும். என்ட ஸ்கூட்டி எந்த வாசல்ல நிண்டாலும் அந்த வீட்டுப் புள்ளைக்கு மாப்பிள்ள வராது" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உம்மாவும் சிரித்தார். பிறகு சமையலறைக்குள் போய் அழுதார். ஊர் எப்படி என்று எங்களுக்கும் தெரியும். அதை ஒரு வெளியாள் இவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருக்கிறாளே என்றுதான் அந்த அழுகை. வாசிக்கிறவர்கள் அவள் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் மறந்துவிட வேண்டாம். மிச்சக் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏன் இவ்வளவு கோபம் என்று விளங்காது.

தங்கச்சி முதல் மாத்திரை குடித்த அன்று, மூத்திரம் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பயப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னவள் அவள்தான். கிளினிக்கில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குத் தொலைபேசி எடுத்து எழுப்புவாள். பின்னேரத்தில் மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து எங்களோடு பாயில் இருந்து, பேரீச்சம்பழமும் கஞ்சியுமாக நோன்பு திறப்பாள். தங்கச்சியின் கோப்பையில்தான் கஞ்சி வாங்குவாள். அந்தக் கோப்பையை உம்மா வேறாக வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்து மற்றக் கோப்பைகளோடு சேர்த்து அடுக்கியவளும் அவள்தான்.

"கோப்பையால இந்த நோய் தொத்தாது உம்மா. காத்தாலதான். ஜன்னலத் திறந்து வைங்க, கோப்பையச் சேத்து வைங்க" என்றாள்.

பெற்றோல் வரிசை வந்த காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நாட்டில் ஒரு சொட்டு இல்லை. ஸ்கூட்டி அவள் வீட்டில் கிடந்தது. அவள் எங்கிருந்தோ ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அபாயாவைச் சுருட்டிப் பிடித்தபடி, சாய்ந்தமருதிலிருந்து மிதித்து வந்தாள். அவள் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் பேக்கரிக்காரர் கடைக்குள் இருந்தே கத்தினார்.

"என்ன மிஸ், சைக்கிள்ல பிறேக் இரிக்கா?"

"இல்ல காக்கா. பாணத் தள்ளி வைங்க."

கடையில் பாண் ரொட்டி வாங்க நின்ற சனம் சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்போதும் சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு நடந்துதான் வந்தாள். சைக்கிளைப் பார்த்து யார் என்ன நினைக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். பழக்கம் கெட்டுப்போகக் கூடாது என்றாள். வியர்வையில் முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அன்று அவளை என் கூடப்பிறந்தவள் என்றே நினைத்தேன். அப்படி நினைத்தவர்களில் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

தங்கச்சிக்குச் சுகம் வரத் தொடங்கியதும் நான் அவளோடு சேர்ந்து வீடு வீடாகப் போனேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன். கடற்கரைப் பக்கத்தில் அவள் போய்ப் பழகாத வீடுகள் இருந்தன. என்னை எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அளவெடுத்தவள் நான். "இவ நல்ல புள்ள, வாய் திறக்கமாட்டா" என்று நான் சொன்னால் கதவு திறந்தது.

ஒரு வீட்டில் மீன்பிடிக்கிறவரின் உம்மா எங்களை வாசலிலேயே மறித்தார்.

"எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இருமல் கிருமல் இல்ல. வேற வீடு பாருங்க."

"இருமலப் பத்தி ஆர் கேட்ட? தாகமா இரிக்கி உம்மா. தண்ணி ஒரு வாய் தாங்களன்" என்றாள் இவள்.

உள்ளே விட்டார்கள். கோப்பைகள் தட்டில் அடுக்கியிருந்தன. ஒரே ஒரு எவர்சில்வர் கோப்பை மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. இவள் எழும்பிப் போய் அதைத்தான் எடுத்தாள்.

"அது வேணாம் மகள். அத வைங்க."

"ஏன் உம்மா? இது ஆருட கோப்பை?"

 இவள் அதிலேயே தண்ணீர் வார்த்துக் குடித்துவிட்டு, கழுவி, தட்டில் மற்றக் கோப்பைகளோடு கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தாய் வாய் திறந்தார். மகன் கடற்கரையில் தோணி வாடிக் கொட்டிலில் படுக்கிறான், வீட்டுக்குள் வர வெட்கப்படுகிறான் என்று சொன்னார். அவன் மருந்துக்கு வந்தான். சுகமானான். இப்போதும் கடலுக்குப் போகிறான்.

திரும்பி வரும் வழியில் அவள் ஏசிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் நடையும் வேகமாகும்.

"பாருங்க ராத்தா. மெயின் ரோட்டுப் பெரிய வீட்டுக்காரனுக்கு வந்தா நெஞ்சுச் சளி. கொழும்பில போய் மருந்தெடுத்துட்டு வந்திருவான். ஒருத்தருக்கும் தெரியா. ஒழுங்கைக்காரனுக்கு வந்தா டீ.பி. கிருமி ஒண்டுதான். மறைக்கிற வசதிதான் வித்தியாசம். அந்த வசதிய நான் ஏழைக்கும் குடுக்கிறன். அவ்வளவுதான் என்ட வேலை."

சுகாதாரத்தில் சமத்துவம் என்று இப்போது அவள் மேடையில் பேசுகிறாள் என்று கேள்விப்படுகிறேன். எனக்கு அதை அவள் சொல்லித் தந்தது அந்த வெயிலில்தான். மேடையில் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவளுக்குக் கொழும்பில் படிக்க இடம் கிடைத்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். உம்மா வட்டலப்பம் செய்தார். நான் இரண்டு அபாயா தைத்துக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது, "மேல போனாத்தான் ராத்தா கீழ உள்ள ஆக்களுக்கு என்னமும் செய்யலாம். நான் சொன்னா இப்ப ஆர் கேக்கிற?" என்றாள். நியாயம்தானே. ஒரு பெண் படித்து மேலே போவதில் எனக்கு என்ன குறை? அவள் மேலே போனதற்காக நான் கோபப்படவில்லை. எதில் கால் வைத்து ஏறினாள் என்பதற்காகத்தான்.

அவள் திரும்பி வந்தபோது பதவி வேறாக இருந்தது. ஸ்கூட்டி இல்லை. எங்களைப் பார்க்க நேரமும் இல்லை. அதுவும் பரவாயில்லை.

அந்த நேரம் தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருது. நல்ல பொடியன், ஆசிரியர் வேலை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வர வேண்டும். வாப்பா எங்கள் வளவின் பின்பக்கத்தில் தங்கச்சிக்கு வீடு கட்டத் தொடங்கினார். சுவர் ஜன்னலுக்கு மேலே எழும்பிவிட்டது. கூரை போட்டதும் நிகாஹ் என்று பேச்சு.

நோயைப் பற்றி அவர்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சீனி வியாதியை எவர் பெண் பார்க்கிற அன்று சொன்னார்? பிரஷரை எவர் சொன்னார்? இது முற்றாகச் சுகமான நோய். ஆனாலும் தங்கச்சி என்னிடம் சொல்லியிருந்தாள்.

"நிகாஹ்வுக்கு முதல் நானே அவருக்குச் சொல்லுவன் ராத்தா. என்ட வாயால சொல்லுவன். அவர் வேணாம் எண்டா வேணாம்."

எந்த நாளில் சொல்வது, எப்படித் தொடங்குவது என்றெல்லாம் அவள் யோசித்து வைத்திருந்தாள். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து பொத்தான் தைத்தபடி என்னிடம் சொல்லிப் பார்ப்பாள். நான் மாப்பிள்ளையாக இருந்து கேட்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒரு நாள் முற்பகலில் எங்கள் வாசலில் வெள்ளைக் கெப் வாகனம் வந்து நின்றது. கதவில் நிறுவனத்தின் அடையாளம். அதற்குக் கீழே நெஞ்சாங்கூட்டின் படம். காசநோயை ஒழிப்போம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. எங்கள் ஒழுங்கை ஒடுக்கம். வாகனம் நின்றால் சைக்கிள்கூடப் போக முடியாது. ஆகவே போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று அந்த எழுத்தை வாசித்தார்கள்.

அவள்தான் முதலில் இறங்கினாள். பின்னால் கொழும்பிலிருந்து வந்தவர்கள், ஒரு வெள்ளைக்காரப் பெண், கமெரா பிடித்த ஒருவர்.

"ராத்தா, சர்ப்ரைஸ்" என்றாள்.

தங்கச்சி வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றாள். இவள் நேரே போய் அவளுடைய தோளில் கையை வைத்து, வந்தவர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினாள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது. ஆனால் டீ.பி. என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான். கமெரா ஓடியது. "சொல்லு தங்கச்சி, இப்ப சுகம்தானே? எல்லாருக்கும் சொல்லு" என்றாள். தங்கச்சி விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள். ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? தன்னோடு ஒரே கோப்பையில் கஞ்சி குடித்தவளின் கை தோளில் இருந்தது.

மாப்பிள்ளையின் மாமி ஒருவர் எங்கள் ஒழுங்கையின் தலைப்பில்தான் இருக்கிறார். அவர் வந்து சாரதியிடம் கேட்டார். சாரதி நல்ல மனிதன், சிங்களத் தமிழில் சந்தோஷமாகச் சொன்னான்.

"இந்த வீட்டு நோனாக்கு டீ.பி. வந்து சுகமாகினதுதானே. அதப் பாக்க வந்த."

அடுத்த வாரம் அந்த மாமியே பதில் கொண்டு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணீர் வைத்தோம், தொடவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபப்படாதீங்க. நாங்க இஸ்திகாரா தொழுது பாத்தம். மனசு சரிவருதில்ல. அல்லாஹ்ட நாட்டம் வேற போல."

இறைவனிடம் கேட்டுத் தொழுதோம், விடை இப்படி வந்தது என்று சொன்னால் அதற்கு மேல் என்ன கதைப்பது? நோய் என்ற சொல்லை அவர் வாயில் எடுக்கவே இல்லை. எங்கள் ஊரில் கதவை இப்படித்தான் சாத்துவார்கள், சத்தம் வராமல்.

நான் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.  மன்னிப்புக் கேட்பாள் என்று இருந்தேன். அவள் பாடம் எடுத்தாள்.

"மறைச்சு மறைச்சுத்தான் ராத்தா இந்த நோய்க்கு இவ்வளவு வெக்கம் வந்த. சுகமான ஒருத்தி வெளியில வந்து நிண்டாத்தான் மத்தவங்க பயமில்லாம மருந்துக்கு வருவாங்க. இப்படி நினைக்கிற மாப்பிள்ள போனது நல்லம் எண்டு நினைங்க."

"அது சரி மிஸ். ஒருத்தி வெளியில வந்து நிக்கத்தான் வேணும். அந்த ஒருத்தி ஆரெண்டு நீங்களா தீர்மானிக்கிற? அவ வந்து நிண்டாளா, நீங்க இழுத்து நிப்பாட்டினீங்களா?"

"நான் நல்லதுக்குத்தான் செஞ்ச."

"என்ட ஸ்கூட்டி நிண்டா மாப்பிள்ள வராது எண்டு சொன்னது ஆரு?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். என் ஆத்திரம் அதில்தான். தெரியாமல் செய்த ஒருவரை நான் மன்னித்துவிடுவேன். அந்தச் சாரதியை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இவளுக்கு எல்லாம் தெரியும். வாசலில் நின்றால் என்ன நடக்கும் என்று ஊரிலேயே மிக நன்றாகத் தெரிந்தவள் இவள்தான். எங்களுக்கே சொல்லித் தந்தவள். கொழும்பு ஆட்களை வெயிலில் நடத்திக் கூட்டிவர அவளுக்கு அன்று வெட்கமாக இருந்திருக்கும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடற்கரைப் பக்கத்தில் என்னை இப்போது உள்ளே கூப்பிடுவது குறைவு. அளவெடுக்கப் போனால் வாசலிலேயே பழைய சட்டையைத் தந்து, இதே அளவு என்கிறார்கள். வாய் திறக்கமாட்டாள் என்று நான்தானே பொறுப்பு நின்றேன். அந்த வீடுகளில் எத்தனை பேர் இருமலை விழுங்கிக்கொண்டு இருக்கிறார்களோ. அவர்களுக்கு அடுத்த மிஸ் வந்தாலும் கதவு திறக்காது. தங்கச்சியின் வீடு கூரையில்லாமல் அப்படியே நிற்கிறது. ஜன்னலுக்கு விட்ட இடைவெளியில் கோழி ஏறி இருக்கும். வாப்பா அந்தப் பக்கம் போவதில்லை.

கடைசியாக அவள் வந்தது போன மாதம்.

கேற்றுக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னாள். நடந்து வந்திருந்தாள். முகத்தில் வியர்வை. கையில் துணிப்பை. எனக்கு ஒரு நிமிடம் பழைய நாள் திரும்பி வந்தது போல இருந்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும் வாய் தானாக, "இரிங்க மிஸ்" என்றது.

இருந்தாள். உம்மாவின் சுகம் கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். அந்தக் காணொளி எங்கெங்கோ போயிருக்கிறதாம். அவளுக்கு இன்னும் பெரிய வேலை ஒன்று வர இருக்கிறதாம். இப்போது மேலிடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள், அந்தப் பிள்ளையிடம் முதலில் சம்மதம் கேட்டீர்களா என்று. சரியான கேள்வி. அதைக் கேட்டவர் யாரென்று தெரிந்தால் நான் அவருக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புவேன்.

"ஒரு நிமிஷம்தான் ராத்தா. தங்கச்சி போனைப் பாத்து, நான் விரும்பித்தான் அண்டைக்குக் கதைச்ச எண்டு சொன்னாப் போதும். இல்லாட்டி இந்த வேலை போயிரும். இருக்கிறதும் போயிரும். எவ்வளவு கஷ்டப்பட்டு வந்த நான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். அந்தச் சைக்கிள் என் கண்ணில்தான் இருக்கிறது.

"வாகனம் எங்க மிஸ்?" என்று கேட்டேன்.

"பேக்கரிக்கிட்ட நிக்கிது."

"ஏன் அங்க?"

"இந்த நேரத்தில நான் இங்க வந்தத ஆரும் கண்டா சனம் கதைக்கும்தானே ராத்தா" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. கண்ணை எடுத்துத் தரையில் வைத்தாள். பையைத் திறந்து போனை எடுத்தாள். போனுக்கு மேலே அதே இளம்பச்சைத் துணி. இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அடியில் மாத்திரை இருந்த இடத்தில் இப்போது போன்.

நான் ஏசத் தொடங்குவதற்குள் தங்கச்சி அறைக்குள்ளிருந்து வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அன்று கமெராவுக்கு முன்னால் வாயே திறக்காதவள். சால்வையைச் சரிசெய்துகொண்டு அவளுக்கு முன்னால் நின்றாள்.

"சொல்றன் மிஸ்."

அவள் முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ். எனக்குத் தெரியும் தங்கச்சி, உங்கட மனசு" என்று போனை உயர்த்தினாள்.

"இங்க வேணாம். வாகனத்த வாசலுக்குக் கொண்டு வாங்க. அண்டைக்கு நிப்பாட்டின இடத்திலேயே நிப்பாட்டுங்க. சனம் வரட்டும். தலைப்பு வீட்டு மாமியையும் கூப்பிடுறன். எல்லாருக்கும் முன்னால என்னட்டக் கேளுங்க. அப்ப சொல்றன்."

"என்ன சொல்லுவீங்க?"

"அத அப்ப கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இயந்திரத்தைப் பார்த்தேன். போனைப் பைக்குள் வைத்து, துணியால் மூடி எழும்பினாள். போகும்போது கேற்றை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள், பழைய வழக்கம்போல.

தங்கச்சி பின்னாலேயே போய்க் கேற்றின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் செங்கல் வைத்தாள். பின்வளவிலிருந்து எடுத்த, அவளுடைய வீட்டுச் செங்கல். பிறகு ஒரு கதிரையைக் கொண்டுபோய் வாசலில் போட்டு இருந்தாள். ஒழுங்கையால் போனவர்கள் யாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று கேட்டார்கள்.

"கிளினிக் மிஸ் வாறன் எண்டவ" என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள், குரலைத் தாழ்த்தாமல்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை கேற் திறந்தே கிடந்தது. வாகனம் வரவில்லை.